ஓட்டைக் காலணாவும் பெயரில்லாத பத்து ரூபாயும்

ஐம்பது காசை ஏன் எட்டணா என்கிறோம் என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். காரணம் கணக்கில் இருக்கிறது. 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்கு நூறு பைசா என்றானது. பழைய பதினாறு அணாக் கணக்கில் நாலணா சரியாக 25 பைசா, எட்டணா 50. இரண்டு பெயரும் அலுங்காமல் புதுக்காசின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டன. ஓரணாவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஆறேகால் பைசாவுக்கு யார் காசு அடிப்பார்கள்? சர்க்கார் சூட்டிய ‘நயா பைசா’ 1964இல் ‘நயா’வை உதறியது. நாலணாவோ 2011 ஜூனில் 25 பைசாவையே விலக்கிக்கொள்ளும்வரை ஓடியது.

எனக்குப் பிடித்தது ஓட்டைக் காலணா. யுத்தத்தில் செம்புக்குத் தட்டுப்பாடு வந்தபோது, 1943இல் அடித்த வெண்கலக் காசு. உளுந்து வடைக்கு நடுவில் துளை போடுவது உள்ளே வேக. இங்கே துளை போட்டது உலோகத்தை மிச்சம் பிடிக்க. முந்தைய காலணா ஐந்து கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. இது இரண்டே கிராம். நடுவில் ஓட்டை விழுந்ததால் ராஜா தலைக்கு இடமில்லை. ஆறாம் ஜார்ஜ் முகத்தை இழந்து மேலே ஒரு கிரீடத்தோடு திருப்திப்பட்டுக்கொண்டார். காசில் பொறித்திருந்தது ‘ஒரு பைஸ்’ என்று. அதை யார் படித்தார்கள்? அணாவில் கால்வாசி, நடுவில் ஓட்டை. கண்ணும் கையும் சேர்ந்து வைத்த பெயர் அது.

எங்கள் வீட்டுச் சாவிக்கொத்தில் ஒன்று வெகுகாலம் தொங்கியது. தேய்ந்து துளையின் விளிம்பு வழவழவென்றாகி, கிரீடம் வெறும் மேடாகத்தான் தட்டுப்படும். குழந்தையின் அரைஞாணில் கோத்தார்கள். ஆணிக்கு வாஷராகவும் போட்டார்கள். அடிப்பது 1947இல் நின்றது. ஆனால் ஒன்றுக்கும் உதவாததைக் குறிக்க இன்றும் ‘ஓட்டைக் காலணாவுக்குப் பெறாது’ என்கிறோம். இத்தனைக்கு உதவிய காசுக்கு இது அநியாயம்.

இப்போதைய பத்து ரூபாய் நாணயத்தைப் பாருங்கள். வெளியே மஞ்சள் வளையம், உள்ளே வெள்ளை வட்டம். பட்டப்பெயருக்கு வேண்டிய லட்சணமெல்லாம் இருக்கிறது. புழங்கவிட்டால்தானே பெயர் வரும்? பஸ்ஸில் நீட்டினால் முறைக்கிறார்கள். ரூபாய்க் குறி போட்டதுதான் செல்லும், போடாதது கள்ளக்காசு என்று மளிகைக் கடைக்காரர் ஒருவர் எனக்குப் பாடமே எடுத்தார். பதினான்கு வடிவங்களும் செல்லும் என்று 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி அறிவித்திருப்பதைச் சொன்னேன். “அப்ப ரிசர்வ் வங்கியிலயே போய் மாத்திக்குங்க சார்” என்றார்.