குரற் பதிவுக்கு ஒரு துணிக்கூடு

யாழ்ப்பாணத்துக் கோயில்களிலே புராணம் படித்தல் தனியொருவர் செய்யும் காரியமன்று. ஒருவர் செய்யுளை இராகத்தோடு இசைத்துப் படிப்பார். அருகிருக்கும் மற்றொருவர் அதற்குப் பயன் சொல்லுவார். கந்தபுராணமாயினும் திருவாதவூரடிகள் புராணமாயினும் படிக்கும் முறை இதுவே. படிப்பவர் எந்தச் சீரிலே மூச்சை நிறுத்துகிறார், எந்த அடியை மீட்டும் ஒருமுறை எடுத்துக் கொடுக்கிறார், பயன் சொல்பவர் எவ்விடத்திலே குறுக்கிட்டு எவ்விடத்திலே விட்டுக்கொடுக்கிறார் என்பனவெல்லாம் அச்சுப் புத்தகத்திலே இல்லை. அவை ஒருவர் வாயிலிருந்து மற்றொருவர் செவிக்கு வந்தவை. இவ்வித்தையிலே கைதேர்ந்தவர்களாக யான் அறிந்த பெரியோருட் பெரும்பாலோர் எழுபதைக் கடந்துவிட்டனர். அவர்களுடைய குரலைப் பிடித்து வைத்தல் இன்று செய்யற்பாலது; பத்தாண்டு கழிந்தபின் செய்யக் கூடியதன்று.

பிடித்து வைக்கும் கருவிக்குப் பஞ்சமில்லை. மாணவர் ஒவ்வொருவர் வீட்டிலும் கைத்தொலைபேசி இருக்கிறது. சிலர் நல்ல ஒலிவாங்கியும் வைத்திருக்கின்றனர். அவ்வாறிருந்தும் அவர்கள் கொண்டுவரும் பதிவுகளைக் கேட்டால், பெரியவர் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போலிருக்கிறது. லகரமும் ளகரமும் ழகரமும் ஒன்றோடொன்று மயங்குகின்றன. மாணவர் கருவியைக் குறை கூறுவர். இன்னும் விலை கூடிய ஒலிவாங்கி வேண்டும் என்பர். குறை கருவியினுடையதன்று, அறையினுடையது. அறையைத் திருத்துவதற்கு வேண்டியவையோ பழைய மெத்தையும் கம்பளியும் சில மரச் சட்டங்களுமே. அவற்றைக் கொண்டு அமைக்கும் கூட்டைப் பற்றியே ஈண்டு எழுதப் புகுந்தேன்.

முதலிலே காரணத்தைக் காண்போம். வெறும் சீமெந்துச் சுவர் தன்மேற் படும் ஒலியில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கையே உறிஞ்சும். எஞ்சியதைத் திருப்பி அனுப்பிவிடும். அவ்வொலி மறுசுவரிலே பட்டு மீண்டும் தெறிக்கும். இவ்வாறு பேச்சு நின்ற பின்பும் அறையிலே தங்கி நிற்கும் ஒலியை எதிர்முழக்கம் என்போம். இலக்கண மாணவர்க்கு இதன் தீங்கை எளிதிலே விளக்கலாம். நெடிலுக்கு மாத்திரை இரண்டு, குறிலுக்கு ஒன்று, மெய்க்கு அரை என்று படித்திருக்கிறோம். உயிரோசை வலியது, நீளமானது. மெய்யோசை மெலிது, குறுகியது. இரண்டு மாத்திரை ஒலித்த நெடிலின் முழக்கம் அறையிலே வாலாக நீண்டு கிடக்கும்பொழுது, அதனை அடுத்து வரும் அரை மாத்திரை மெய் அவ்வாலினுள்ளே அமிழ்ந்துவிடுகிறது. நேரிலே கேட்கும்போது இரு செவிகளும் கண்ணும் சேர்ந்து அம்மயக்கத்தைப் பெரும்பாலும் நீக்கிக்கொள்ளும். ஒற்றை ஒலிவாங்கிக்கு அவ்வசதி இல்லை.

இதனை முறையாக அளந்து கண்டவர் அமெரிக்காவிலே ஹார்வார்ட் பல்கலைக்கழகத்துப் பௌதிக ஆசிரியர் வாலஸ் கிளெமென்ற் சபீன் என்பவர். 1895 ஆம் ஆண்டிலே அங்குப் புதிதாகக் கட்டப்பட்ட ஃபொக் நூதனசாலையின் விரிவுரை மண்டபத்திலே பேசுவது எவர்க்கும் விளங்கவில்லை. திருத்தும் பொறுப்பு இருபத்தேழு வயதினரான சபீனிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் அயலிலிருந்த சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளை நள்ளிரவிலே சுமந்துவந்து மண்டபத்திற் பரப்பி, ஓர் ஓர்கன் குழலை ஒலிக்கச் செய்து, அது நின்றபின் எத்தனை செக்கன் முழக்கம் கேட்கிறதென அளந்தார். வெறும் மண்டபத்திலே 5½ செக்கன். மெத்தை கூடக்கூட முழக்கம் குறைந்துகொண்டே வந்தது. தாம் அணிந்திருக்கும் உடையும் ஒலியை உறிஞ்சி அளவை மாற்றுகிறதென்று கண்டு, ஒரே உடையை அணிந்தே அளக்கலானார் என்றும் சொல்லுவர். அம்மெத்தைகளிலிருந்து பிறந்த கணிதத்தைக் கொண்டுதான் 1900 ஆம் ஆண்டிலே பொஸ்ரன் நகரத்துச் சிம்பனி மண்டபம் அமைக்கப்பட்டது.

அவர் கண்ட விதி மிக எளிது. அறையின் கனவளவைக் கன மீற்றரிற் கொண்டு 0.161 ஆற் பெருக்கி, அறையின் மொத்த உறிஞ்சலால் வகுத்தால் முழக்கம் நிற்கும் காலம் செக்கனிலே கிடைக்கும். நீளம், அகலம், உயரம் ஒவ்வொன்றும் 3 மீற்றரான சீமெந்து அறையொன்றை எடுத்துக்கொள்வோம். கனவளவு 27, சுவர், தரை, மேற்றளம் யாவும் சேர்ந்து 54 சதுர மீற்றர். நூற்றுக்கு மூன்று பங்கு உறிஞ்சலாயின், முழக்கம் ஏறக்குறைய 2.7 செக்கன். அதே அறையிலே, படும் ஒலியில் நூற்றுக்கு அறுபது பங்கை உறிஞ்சக்கூடிய தடித்த துணிப்பரப்பு 10 சதுர மீற்றர் இருப்பின் முழக்கம் 0.6 செக்கனாகக் குறையும். மாணவர் இக்கணக்கைத் தாமே செய்து பார்ப்பாராக.

இனிக் கூட்டைக் கட்டும் வகை. 3 அடி அகலமும் 6 அடி உயரமும் உள்ள மூன்று தட்டிகள் வேண்டும். சட்டத்திற்கு இரண்டங்குல மரமோ பனஞ்சலாகையோ போதும். சட்டத்தின் நடுவே பழைய தும்பு மெத்தையைப் பிரித்து இரண்டங்குலத் தடிப்பிலே பரப்புக. அதன் இருபுறமும் கம்பளிப் போர்வையை இழுத்து ஆணியடித்து, மேலே மெல்லிய பருத்திச் சேலையாற் போர்த்துக. தட்டிகளைப் பிணைச்சலாலே தொடுத்தால் வேலை முடிந்த பின் மடித்துச் சுவரோரம் சாத்திவிடலாம். மூன்று தட்டியும் சேர்ந்து 54 சதுர அடி. இருபுறமும் துணியாதலின் மேலே கணக்கிட்ட 10 சதுர மீற்றர் ஏறக்குறைய வந்துவிடுகிறது.

மேற்றுணியைத் தெரிந்தெடுக்க ஒரு சோதனை உண்டு. துணியை வாயோடு பொருத்தி ஊதிப் பார்க்க வேண்டும். மூச்சுத் தடையின்றிப் போயின் ஒலியும் உள்ளே புகும். றெக்சின் முதலியன மூச்சை விடா. அவை பார்வைக்கு அழகாயினும் பேச்சின் நுண்ணொலிகளைத் திருப்பி அனுப்பிவிடும். ஒலி என்பது காற்றின் அசைவே. அசையும் காற்று நார்களினூடே உராய்ந்து செல்லும்போது அதன் வலி வெப்பமாக மாறிக் கெடுகிறது. இதனாலேயே துணியைச் சுவரோடு ஒட்டித் தொங்கவிடுதல் வீண் என்பதும் விளங்கும். சுவரையொட்டிய காற்று முன்பின் அசைய இடமில்லை. அசையாத காற்றிடத்தே நாருக்கு வேலையுமில்லை. நாலங்குலமேனும் இடைவெளி விட்டால் அதே கம்பளி இன்னும் தாழ்ந்த ஒலிகளையும் உறிஞ்சும்.

மூன்று தட்டிகளையும் ‘ப’ வடிவிலே நிறுத்துக. நான்காம் பக்கத்தையும் அடைத்துப் பெட்டி போலாக்கினால் என்ன என்று பலர் கேட்பர். அடைக்கவே கூடாது. நாலடி இடைவெளியிலே எதிரெதிர் நிற்கும் இரண்டு சுவர்கள் செக்கனுக்கு ஏறக்குறைய 145 அதிர்வுள்ள ஒலியோடு பரிவு கொள்ளும். ஆடவர் பேச்சுக்குரலின் அடிமீடிறன் பெரும்பாலும் 85 முதல் 180 வரையுள்ள எல்லையில் நிற்பது. ஆகவே அப்பரிவு குரலின் நடுவிலேயே போய் விழும். மெல்லிய துணி மேலோசைகளை மாத்திரம் தின்று இக்கீழோசையை விட்டுவிடுமாதலின், பதிவு குடத்துக்குள்ளே பேசியது போலாகிவிடும். அன்றியும், நம் நாட்டு வெப்பத்திலே மின்விசிறியையும் நிறுத்திவிட்டு எழுபத்தைந்து வயதுப் பெரியவரைக் கம்பளிப் பெட்டிக்குள் அரை மணி நேரம் இருத்துவது தகுமா? திறந்த பக்கம் அவருக்கும் நல்லது, குரலுக்கும் நல்லது.

பெரியவரை எங்கே இருத்துவது என்பதிலே பெரும்பாலோர் தலைகீழாகச் செய்கின்றனர். மெத்தையை ஒலிவாங்கிக்குப் பின்னே வைத்துவிட்டு, பேசுபவர் முதுகுக்குப் பின்னே வெறுஞ்சுவரை விட்டுவிடுகின்றனர். ஒருபக்கம் மாத்திரம் செவிசாய்க்கும் ஒலிவாங்கி பேசுபவரை நோக்கி நிற்கிறது. ஆகவே அவருடைய தோளுக்கு மேலாக அவர் பின்னாலுள்ள சுவரையும் அது கேட்டுக்கொண்டிருக்கிறது. துணி வேண்டியது அங்கேதான். ஆகவே பெரியவர் ‘ப’ வின் உள்ளே, முதுகு தட்டியை நோக்க, திறந்த பக்கத்தைப் பார்த்து இருப்பாராக. கைத்தொலைபேசியிலே பதிவதாயின், அது நாற்புறமும் கேட்பதாதலின், அதற்குப் பின்னேயும் ஒரு கம்பளியைக் கொடியிலே தொங்கவிடுக. தலைக்கு மேலே இரண்டு தடிகளைத் தட்டிமேற் கிடத்தித் தடித்த விரிப்பொன்றைப் போடுக. தரையிலே ஜமுக்காளத்தை நாலாக மடித்து விரிக்க. பாய் போதாது.

வாய்க்கும் ஒலிவாங்கிக்கும் இடையே ஒரு சாண் தூரம் இருத்தல் நன்று. தூரத்தைப் பாதியாக்கினால் குரல் 6 டெசிபல் ஏறும். அறையின் முழக்கமோ ஏறாது. ஆகவே அருகிருத்தலே அரைக் கூட்டுக்குச் சமம். மிக அருகானாற் பகரம் இடிக்கும். இதழ் குவிந்து திறக்கும் எழுத்தாதலின் அதன் மூச்சு நேரே ஒலிவாங்கியைத் தாக்குகிறது. தையல் வளையத்திலே மெல்லிய நைலோன் துணியைப் பூட்டி இடையே நிறுத்தினால் மூச்சு தடைப்படும், ஓசை செல்லும். கஞ்சியிட்ட வேட்டி சரசரக்கும். ஏடு புரட்டும் ஒலி இடியாகக் கேட்கும். இவற்றை முன்னரே பணிவாகச் சொல்லி வைக்க வேண்டும். படிப்பவரும் பயன் சொல்பவரும் சேர்ந்து பதியும்போது அவர்களைப் பிரித்துத் தனித்தனியே பதியற்க. ஒருவர் மற்றவர் முகத்தைப் பார்த்தே தொடங்குகின்றனர், நிறுத்துகின்றனர். இருவரையும் பக்கத்திற் பக்கமாக இருத்தி, ஒலிவாங்கியை இருவர்க்கும் சம தூரத்திலே ஒன்றரைச் சாண் தள்ளி வைத்தாற் போதும். குரல் மெலிந்தவர் சிறிது முன்னே இருக்கலாம்.

இக்கூடு வெளிச்சத்தத்தைத் தடுக்கும் என்று எவரும் எண்ணற்க. முழக்கத்தை உறிஞ்சுவது வேறு, சத்தத்தை மறிப்பது வேறு. மறிப்பதற்குப் பாரமும் நெருக்கமும் வேண்டும். சுவரின் பாரத்தை இருமடங்காக்கினால் 6 டெசிபல் அளவே குறையும். எத்துணைப் பாரமான சுவராயினும் அதன் பரப்பில் நூறில் ஒரு பங்கு திறந்திருப்பின் 20 டெசிபலுக்கு மேற் குறையாது. ஓட்டு வீட்டிலே இது ஆகிற காரியமா? காகமும் மோட்டார்ச் சைக்கிளும் ஒலிபெருக்கியும் ஓயும் நேரத்தைத் தேடிக்கொள்வதே வழி. ஒரு வாரம் வெவ்வேறு வேளைகளிலே ஐந்து நிமிடம் வெறுமனே பதிந்து கேட்டால் அந்நேரம் தெரிந்துவிடும். எங்கள் வீட்டிலே அது இரவு ஒன்பதரைக்குப் பின்.

முட்டை அடுக்கும் அட்டைகளைச் சுவரெங்கும் ஒட்டும் வழக்கம் ஒன்று பரவியிருக்கிறது. அவை பாரமற்றவை, ஆதலின் சத்தத்தை மறியா. மெல்லியவை, ஆதலின் மேலோசையிற் சிறிதளவையன்றி வேறொன்றையும் உறிஞ்சா. எளிதிலே தீப்பற்றவும் வல்லன. மலிவான ஸ்பொஞ்சு இன்னும் கொடியது. 2003 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் அமெரிக்காவின் றோட் ஐலண்ட் மாநிலத்திலே இசைக்கூடமொன்றின் சுவர்களில் ஒலிக்காக ஒட்டப்பட்டிருந்த ஸ்பொஞ்சிலே வாணவேடிக்கைப் பொறி பட்டு நூறு பேர் மாண்டனர். நம் கூட்டிலே உள்ள தும்பும் பருத்தியும் எரியக்கூடியனவே. மங்கல காரியமாதலின் விளக்கேற்றித் தொடங்க விரும்புவோர் அடுத்த அறையிலே ஏற்றிவிட்டு வருக. கற்பூரம் வேண்டவே வேண்டாம். திறந்த பக்கத்திற்கும் வாயிலுக்கும் இடையே ஒன்றையும் வைக்கற்க.

பதியும்போது செக்கனுக்கு 48,000 மாதிரி, மாதிரிக்கு 24 பிற் என்னும் அளவிலே, சுருக்காத வேவ் கோப்பாகப் பதிக. ஒரு மணி நேரம் ஏறக்குறைய 520 மெகாபைற் ஆகும். எம்.பி.3 ஆகச் சுருக்கி நண்பர்க்கு அனுப்பலாம்; மூலத்தைச் சுருக்கற்க. முழக்கத்தைக் கணினியாலே பின்னர் நீக்கலாம் என்று சிலர் சொல்லுவர். ஓரளவு நீக்கலாம் என்பது உண்மையே. அதனோடு குரலின் நுணுக்கமும் தேய்ந்து போகும். ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் படிப்பவர் பெயர், ஊர், கோயில், திகதி, படிக்கும் படலம் ஆகியவற்றை வாயாலே சொல்லிப் பதிக. கோப்பின் பெயர் மாறிப் போகலாம். சொல்லிய சொல் பதிவோடேயே கிடக்கும்.

பிரதியை ஓரிடத்திலே வைக்கற்க. 1981 ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் அழிந்தன. அவற்றோடு வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் போயின. இன்று கொழும்பிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் நம் பழைய மாணவர் இருக்கின்றனர். ஒவ்வொரு நகரத்திலும் ஒருவர் ஒரு பிரதியை ஏற்றுக்கொண்டு, இரண்டாண்டுக்கு ஒருமுறை திறந்து கேட்டு, பழுதுபடுமுன் புதிய தட்டுக்கு மாற்றி வைப்பாராயின் அதுவே பெருந்தொண்டு.

சென்ற தவணையிலே மேல்வகுப்பு மாணவர் செய்த மூன்று தட்டிகள் கல்லூரித் தமிழ் அறையிலே மடித்து வைக்கப்பட்டிருக்கின்றன. பெரியோரின் குரலைப் பதிய விரும்புவோர் இரவலாகப் பெற்றுச் செல்லலாம். முச்சக்கர வண்டியின் கூரைமேற் கட்டிக் கொண்டுபோகலாம். மழைக்காலமாயின் தறப்பாள் போர்த்துக. நனைந்த தும்பு உலர நான்கு நாட் செல்லும். மேல் விரிப்பும் இரண்டு தடிகளும் அலுமாரியின் பின்னே தனியே இருக்கின்றன. அவற்றையும் கேட்டு வாங்கிச் செல்க.