மாரிக்காலப் பாடம்

கற்பிக்குமிடத்துக் காலத்தையும் இடத்தையும் மாணாக்கன் கொள்ளும் வகையையும் நோக்குதல் வேண்டுமென்று நன்னூற் பொதுப்பாயிரம் விதிக்கின்றது. அதனை ஆண்டுதோறும் மாணவர்க்கு விளக்கிவந்த யான் உள்ளவாறு உணர்ந்தது 2020ஆம் ஆண்டு மாரியிலேதான்.

கொள்ளைநோய் காரணமாகப் பாடசாலைகள் அவ்வாண்டு புரட்டாதியில் மீண்டும் மூடப்பட்டன. இரண்டாந் தரத்திற் பயின்ற என் தங்கையின் மகனை வீட்டிற் கற்பிக்கும் பொறுப்பு என்மேல் வந்தது. பண்டிதனுக்கு இஃதொரு பாரமா என்று எண்ணினேன். நேரசூசிகை எழுதிச் சுவரில் ஒட்டினேன். காலை எட்டு மணிக்கு மணி அடியாத குறையாகத் தொடங்கினேன். பத்து நாளில், முன்னர்த் தடையின்றி வாசித்த சொற்களும் என் முன்னிலையில் அவன் நாவில் எழவில்லை. ஒருநாள் புத்தகத்தைக் கண்டதும் அழுதான்.

"அண்ணா, அவனைக் கொஞ்ச நாளைக்கு விடுங்கோ" என்றாள் தங்கை. சினம் வந்தது. அவள் சொன்னது சரியென்பது இரவிற்றான் தெரிந்தது. பிழை பையனுடையதன்று.

பாடசாலையைப் பழிப்பது என் கருத்தன்று. நாற்பது பிள்ளைகளுக்கு ஒரே மணியைத்தான் அடிக்க இயலும். ஒரு பிள்ளைக்கு அம்மணி எதற்கு?

வாடைக்காற்றோடு மழை பிடித்துக்கொண்டது. கார்த்திகையிற் புரேவிப் புயல் வந்தபோது முற்றமெங்கும் வெள்ளம். எழுத்து வேலையை அடியோடு நிறுத்தினேன். விறாந்தையிலிருந்து கதை சொன்னேன். செய்யுள்களை இசையோடு படித்தேன். ஏடும் எழுத்தாணியும் வழங்கிய திண்ணைப் பள்ளிகளிலும் பிள்ளைகள் பெரிதும் செவியாலன்றோ கற்றனர்! ஒரு நூலை மும்முறை கேட்பின் மாணாக்கன் முறையறிந்து உரைப்பான் என்பர் நன்னூலார். இவனோ ஐந்தாம் முறையும் கேட்டான். விளங்காமையால் அன்று, இனித்தமையால்.

மார்கழியில் மழை தணிந்தது. ஆவணியிற் போட்ட பனம்பாத்தியைக் கிண்டிக் கிழங்கெடுத்தோம். பத்துப் பத்தாக எண்ணிக் கட்டியவன் அவனே. கணக்குப் பாடம் அன்று அவ்வளவுதான். பாடத்திட்டத்திற் பாதி அப்படியே கிடந்தது. தங்கை அதைப்பற்றிக் கேட்கவில்லை, யானும் சொல்லவில்லை.

கிண்டிய மணல் ஈரமாயிருந்தது. யான் ஏவாமலே விரலால் ஏதோ எழுதினான். எட்டிப் பார்த்தேன்: "கிளங்கு". நம் ஊர்ப் பேச்சில் ழகரம் படும் பாடு! திருத்த எழுந்த நாவை அடக்கிக்கொண்டேன். அவன் தலையைச் சாய்த்துச் சற்றுநேரம் அதனையே பார்த்தான்.

"மாமா, இது பிழையெல்லோ?" என்று கூறி, உள்ளங்கையால் அழித்து மறுபடி எழுதத் தொடங்கினான்.