துளியின் அளவு

நுளம்புக்கு மருந்து விசிறும் கருவியை அமைக்கும் பொறியியலாளர் முதலில் தீர்மானிக்க வேண்டியது துளியின் அளவை. எந்த நுளம்பு, அது எங்கே தங்குகிறது என்று தெரியாமல் அதைத் தீர்மானிக்க முடியாது.

இலங்கையில் மலேரியாவைப் பரப்பிய அனோபிலிஸ் நுளம்பு, இரவில் இரத்தம் குடித்ததும் வீட்டுச் சுவரில் அமரும். 1934-35 கொள்ளைநோயில் சுமார் 80,000 பேர் மாண்டார்கள். வரட்சியில் ஆறுகள் வற்றி, மணற்குழிகளில் தேங்கிய நீரில் இந்த நுளம்பு பெருகியிருந்தது. 1940களின் நடுப்பகுதியில் டீ.டீ.ரி. வந்தபோது, சுவரில் மருந்தைப் படியவைப்பதே வழியாயிற்று.

இந்தச் சுவர்ப்பூச்சு நுட்பமான வேலை. பின்னாளில் வகுக்கப்பட்ட நியமத்தின்படி விசிறுமுனை சுவரிலிருந்து 45 சென்ரிமீற்றர் தள்ளி நிற்க வேண்டும். விசிறல் 75 சென்ரிமீற்றர் அகலத்தில் விழ வேண்டும். முனையால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 760 மில்லிலீற்றர் வெளியேறும். அந்த நிமிடத்தில் தொழிலாளி 19 சதுர மீற்றரை முடித்தால், ஒவ்வொரு சதுர மீற்றருக்கும் 40 மில்லிலீற்றர் சேரும். மருந்துத்தூள் உராய்ந்து பித்தளை முனையின் துளை பெருத்துவிட்டால் இந்தக் கணக்குக் குலைந்து, மருந்து சுவரில் வழிந்தோடும். தாங்கி வெறுமையாக ஆக அழுத்தமும் குறையும். இதனாலேயே கடினமான முனைகளும், அழுத்தத்தைச் சீராக்கும் வால்வும் வந்தன. நோயை விரட்டியதில் இச்சிறு உலோகத் துண்டுகளுக்கு உள்ள பங்கு போதிய அளவு பேசப்படுவதில்லை.

1963இல் நாடு முழுவதும் 17 நோயாளரே இருந்தனர். விசிறல் நிறுத்தப்பட்டதும் அந்தத் தசாப்த முடிவில் மலேரியா இலட்சக்கணக்கானோரைத் தாக்கியது. டீ.டீ.ரி.க்கு நுளம்பு பழகிவிட்டதால் 1970களில் மலத்தியோன் அந்த இடத்துக்கு வந்தது. 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது.

கொழும்பின் கவலை டெங்கு. அதைப் பரப்பும் ஏடிஸ் நுளம்பு கட்டிலடியிலும் திரைச்சீலைக்குப் பின்னாலும் தொங்கும் உடுப்பிலும் ஒதுங்கும். அதற்குச் சுவரில் ஒட்டும் துளி உதவாது. காற்றில் மிதக்கும் துளி வேண்டும். 100 மைக்ரோன் துளியொன்று ஒரு மீற்றர் விழச் சில செக்கனே ஆகும்; 10 மைக்ரோன் துளிக்கு ஐந்து நிமிடம் பிடிக்கும். அதோடு, ஒரு பெரிய துளியில் உள்ள மருந்து ஆயிரம் சிறு துளிகளாகப் பிரிகிறது. பறக்கும் நுளம்பில் படுவதற்கு அத்தனை வாய்ப்பு.

புகை விசிறும் இயந்திரத்தில் எண்ணெயில் கலந்த மருந்து சூட்டில் ஆவியாகி, வெளிக்காற்றில் குளிர்ந்து வெண்புகையாகத் திரள்கிறது. சூடில்லாமல், மிகக் குறைந்த கனவளவை நுண்துளியாக்கும் கருவியும் உண்டு. அதன் விசிறல் அநேகமாகக் கண்ணில் படாது. வெயிலேறினால் சூடான காற்று துளிகளை மேலே தூக்கிவிடும் என்பதால் இரண்டுக்கும் அதிகாலையும் மாலையுமே உகந்த நேரம். ஏடிஸ் சுறுசுறுப்பாகக் கடிப்பதும் அப்போதுதான்.

கொட்டாஞ்சேனையின் குறுகிய ஒழுங்கைகளுக்குள் வாகனம் நுழையாது. வெள்ளவத்தை மாடித்தொடரின் ஆறாம் தளத்துக்கு வீதிப் புகை ஏறாது. இயந்திரத்தைச் சுமந்தே போக வேண்டும். யன்னலையும் கதவையும் பூட்டி வைக்கும் வீட்டில் நுளம்பு தப்பிவிடும்.

நாட்டில் டெங்கு நோயாளர் 186,000ஐத் தாண்டிய 2017ஆம் ஆண்டிலும் புகை மட்டும் போதவில்லை. அது பறக்கும் நுளம்பை மட்டுமே கொல்லும். பீலியிலும் குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டிலும் உள்ள குடம்பிகள் ஒரு வாரத்தில் புதிய நுளம்புகளாகும். பாத்திர விளிம்பில் ஒட்டிய முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் நீர் பட்டதும் பொரிக்கும்; அதைத் தேய்த்துக் கழுவித்தான் அகற்ற வேண்டும்.