முதலுக்கே மோசமான விலாங்கு வியாபாரம்

இலாபத்தில் செலவழிப்பவர் நிலைத்து நிற்பார். முதலில் கைவைப்பவர் கடையை மூடுவார். நம் வியாபாரிகள் அனைவரும் அறிந்த கணக்கு இது. இதை மறந்த சர்வதேச வியாபாரம் ஒன்று உண்டு. அதுதான் விலாங்கு மீன் வர்த்தகம்.

ஐரோப்பிய விலாங்கு ஆறு, குளங்களில் வளர்ந்தாலும் அங்கு முட்டையிடுவதில்லை. பல வருடங்கள் வளர்ந்து உடல் வெள்ளி நிறமானதும் கடலில் இறங்குகிறது. 5,000 கிலோமீற்றருக்கு மேல் நீந்தி, அத்திலாந்திக் சமுத்திரத்தின் மேற்கிலுள்ள சர்காசோ கடலை அடைந்து, அங்கு இனம் பெருக்கி மடிகிறது. அதன் குஞ்சுகள் நீரோட்டத்தில் மிதந்து ஐரோப்பிய ஆற்று முகத்துவாரங்களுக்கு வருகின்றன. உடல் ஊடுருவித் தெரிவதால் இவற்றைக் கண்ணாடி விலாங்கு என்பர்.

ஜப்பானில் விலாங்குக்குப் பெரும் கேள்வி நிலவுகிறது. கிழக்காசியாவில் பண்ணைகள் பெருகியதும் அதனால்தான். ஆனால் கோழிப் பண்ணை போன்று இங்கு முட்டையும் கிடையாது, குஞ்சு பொரிப்பதும் கிடையாது. ஆய்வுகூடத்தில் 2010 இல் ஜப்பானியர் வெற்றி கண்டபோதிலும், பண்ணைகள் இன்னும் முகத்துவாரத்தில் பிடிக்கும் குஞ்சுகளையே நம்பியுள்ளன. அதாவது, விதை நெல்லே இங்கு விற்பனைச் சரக்கு.

அணைக்கட்டுகள், நீர்மின் சுழலிகள், நீர் மாசு ஆகியனவும் சேர்ந்துகொண்டதால், 1980 களுக்குப் பின்னர் ஐரோப்பாவுக்கு வரும் குஞ்சுகள் 90 வீதத்துக்கு மேல் குறைந்துவிட்டன. மனிதத் தலையீடு இல்லாதிருந்தால் கடலுக்குத் திரும்பக்கூடிய விலாங்குகளில் குறைந்தது 40 வீதமேனும் திரும்ப வழிவிட வேண்டுமென ஐரோப்பிய ஒன்றியம் 2007 இல் விதித்தது. 2010 இறுதியில் ஒன்றியத்துக்கு வெளியே ஏற்றுமதி செய்வதையும் நிறுத்தியது.

கேள்வி மட்டும் குறையவில்லை. கடத்தல்காரர்கள் குஞ்சுகளைப் பயணப் பெட்டிகளில் மறைத்து ஆசியாவுக்குக் கொண்டுவரத் தொடங்கினர். வாங்குவோரின் பார்வை அமெரிக்க விலாங்கின் பக்கமும் திரும்பியது. அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் 2018 இல் ஓர் இறாத்தல் குஞ்சு 2,000 டொலரைத் தாண்டியது. அங்கு பிடிக்கும் அளவுக்கு உச்சவரம்பு விதித்தே தொழில் நடத்தப்படுகிறது.

விலை ஏறுவது எப்போதும் செழிப்பின் அடையாளமல்ல; சரக்கு தீர்ந்துவருவதன் எச்சரிக்கையாகவும் இருக்கலாம். மீனோ, மரமோ, மணலோ, நாம் விற்பது மீண்டும் விளைகிறதா என்று கொள்முதலுக்கு முன் ஒரு முறை கேட்டுப் பார்ப்போம். முதலை அழித்துத் தேடும் பணத்தில் பரக்கத்தை எதிர்பார்க்க முடியுமா?