எலிக்குத் தொப்பை குறைந்தது. கல்லீரல் என்ன ஆனது?

சென்ற மாதம் சகோதரி ஒருவர் கைப்பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்துக் காட்டினார். வேறு எதற்கோ ஸ்கேன் எடுத்தபோது ‘கிரேடு 1 ஃபேட்டி லிவர்’ என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. மருத்துவர் எடையைக் குறைக்கச் சொன்னார். மகன் இணையத்தில் தேடி, ‘குடம்புளி சத்து’ அடங்கிய இந்தக் கேப்சூலை வரவழைத்துக் கொடுத்திருக்கிறார். “எலிக்குக் கொடுத்துச் சோதித்து நிரூபிச்சதாம், புளிதானே, என்ன செய்யப் போகுது?” என்று கேட்டார். நம்மில் பலருக்கு இருக்கும் கேள்விதான். அதனால் அந்த எலிச் சோதனைகள் உண்மையில் என்ன சொல்கின்றன என்று பார்ப்போம்.

குடம்புளி நமக்குப் புதிதல்ல. கேரளத்திலும் குமரி மாவட்டத்திலும் மீன் குழம்புக்குப் போடுவது. இலங்கையில் கொறுக்காய்ப்புளி என்பார்கள். பழத்தோலைப் புகையில் காயவைத்தால் கறுத்துவிடும். இதன் புளிப்புக்குக் காரணமான ஹைட்ராக்ஸி சிட்ரிக் அமிலத்தை 1965ல் அடையாளம் கண்டவர்கள் மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த லூயிஸ், நீலகண்டன் ஆகிய இருவர். நான்கு ஆண்டுகள் கழித்து அமெரிக்க விஞ்ஞானிகள், நம் உடல் மாவுச்சத்தைக் கொழுப்பாக மாற்றுவதற்குத் தேவையான ஒரு நொதியை இந்த அமிலம் தடுக்கிறது என்று சோதனைக்கூடத்தில் கண்டார்கள். கொழுப்பு உருவாகும் வழியையே அடைத்துவிட்டால் உடல் இளைக்கும் அல்லவா? ‘கார்சீனியா’ மாத்திரை வியாபாரம் முழுவதும் இந்த ஓர் எண்ணத்தின் மேல்தான் நிற்கிறது.

இனி எலிகளுக்கு வருவோம். வீட்டு எலியை நினைக்க வேண்டாம். ஆய்வுக்கூடத்தில் வளர்க்கும் கறுப்புச் சுண்டெலி. ஒரே வம்சத்தில் வந்தவை என்பதால் ஒன்றுக்கொன்று அதிக வேற்றுமை இருக்காது. கொழுப்பு மிகுந்த தீனியைச் சில மாதங்கள் கொடுத்தால் அவை பெருத்து, சர்க்கரை ஏறி, கல்லீரலிலும் கொழுப்பு படியும். பாதி எலிகளின் தீனியில் மட்டும் சோதிக்க வேண்டிய பொருளைக் கலந்து, கடைசியில் இரு கூட்டத்தையும் ஒப்பிடுவார்கள். மனிதரிடம் செய்ய முடியாத ஒன்றை, அதாவது கல்லீரலையே எடுத்துத் துண்டு துண்டாக நுண்ணோக்கியில் பார்ப்பதை, எலியிடம் செய்யலாம். எலிச் சோதனையின் பெரிய பயன் அதுதான்.

தென்கொரிய ஆய்வாளர்கள் 2013ல் வெளியிட்ட ஆய்வில், கொழுப்புத் தீனி தின்ற சுண்டெலிகளுக்குத் தீனியின் எடையில் 1 சதவீதம் கார்சீனியா கலந்து 16 வாரம் கொடுத்தார்கள். விளம்பரக்காரர்கள் சொல்வது இதில் பாதி உண்மை. வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றிச் சேரும் கொழுப்பு குறைந்திருந்தது. கொழுப்புச் செல்களும் சிறுத்திருந்தன. ஆனால் அதே எலிகளின் கல்லீரலில் தழும்பு நார்கள் கூடியிருந்தன, அழற்சிக்கான அறிகுறிகள் அதிகம், ரத்தத்தில் ஏ.எல்.டி., ஏ.எஸ்.டி. என்னும் கல்லீரல் நொதிகளும் உயர்ந்திருந்தன. தொப்பை வற்றியது, கல்லீரல் கெட்டது. வெளியிலிருந்து பார்த்தால் இளைத்த, ஆரோக்கியமான எலி என்றுதான் நினைத்திருப்போம். இந்த முடிவை மறுத்து, அந்த அமிலத்தால் கல்லீரலுக்குக் கேடில்லை என்று வேறு ஆய்வாளர்கள் அதே இதழில் எழுதியதும் உண்டு. வழக்கு முடியவில்லை. ஆனால் ‘எலியிடம் நிரூபணம்’ என்று பாட்டிலில் போடுகிறவர் இந்த வழக்கைப் பற்றி ஒரு வரிகூட எழுதுவதில்லை. அதுதான் எனக்குக் கோபம்.

அளவுக் கணக்கையும் பார்த்துவிடலாம். 30 கிராம் எடையுள்ள சுண்டெலி நாளுக்குச் சுமார் 3 கிராம் தீனி தின்னும். அதில் 1 சதவீதம் என்றால் 30 மில்லிகிராம். எடைக்குக் கணக்கிட்டால் கிலோவுக்கு 1,000 மில்லிகிராம். எலியின் உடல் வெகு வேகமாக இயங்குவதால் அப்படியே மனிதருக்குப் பெருக்கக் கூடாது, சுமார் 12ஆல் வகுக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு 5 கிராம், அதாவது 500 மில்லிகிராம் கேப்சூல் பத்து.

மனிதருக்குப் பலன் கிடைத்ததா? நியூயார்க்கில் அதிக எடையுள்ள 135 பேரை இரண்டு பிரிவாக்கி, எல்லோருக்கும் குறைந்த கலோரி உணவு கொடுத்து, ஒரு பிரிவுக்கு மட்டும் தினம் 1,500 மில்லிகிராம் அந்த அமிலமும் மற்றதற்கு வெறும் மாத்திரையும் 12 வாரம் கொடுத்தார்கள். 1998ல் முடிவு வந்தது. மருந்து தின்றவர்கள் சராசரியாக 3.2 கிலோ இளைத்தார்கள். வெறும் மாத்திரை தின்றவர்கள் 4.1 கிலோ. இது பொருட்படுத்தும் வேறுபாடல்ல என்றார்கள். இளைக்க வைத்தது சாப்பாட்டுக் கட்டுப்பாடுதான்.

கேடு மட்டும் எலியோடு நிற்கவில்லை. அமெரிக்காவில் மருந்தால் வரும் கல்லீரல் பாதிப்புகளைப் பதிவு செய்யும் மருத்துவக் குழு, கார்சீனியாவோடு தொடர்புடைய 22 பேரைப் பற்றி 2022ல் எழுதியது. ஐந்து பேர் அதை மட்டுமே தின்றவர்கள். பெரும்பாலோர் பச்சைத் தேயிலைச் சாறு கலந்ததைத் தின்றவர்கள். தொடங்கி 13 நாளில் பாதிப்பு வந்தவரும் உண்டு, 223 நாள் கழித்து வந்தவரும் உண்டு. குறிப்பிட்ட ஒரு மரபணு வகை உள்ளவர்களிடம் இது அதிகம் காணப்பட்டது. அது நமக்கு இருக்கிறதா என்று யாரும் பார்த்துவிட்டுக் கேப்சூல் வாங்குவதில்லை. பச்சைத் தேநீர் குடிப்பது வேறு. அதைச் சாறாக்கி மாத்திரையில் அடைப்பது வேறு. அந்தச் சாறு நாளுக்கு 800 மில்லிகிராம் ஈ.ஜி.சி.ஜி. அளவையும் அதற்கு மேலும் போகும்போது கல்லீரல் நொதிகள் உயர்வதை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018ல் சுட்டிக்காட்டியது.

கல்லீரல் கொழுப்புக்கு மாத்திரையே இல்லையா என்றால், வைட்டமின் இ சிலருக்கு, சர்க்கரை நோய் இல்லாதவர்களுக்கு, மருத்துவர் எழுதிக்கொடுப்பதுண்டு. அதுவும் அவர் பார்வையில்தான். மற்றபடி உடல் எடையில் 5 சதவீதம் இறங்கினாலே கல்லீரல் கொழுப்பு குறையத் தொடங்கும். 7 முதல் 10 சதவீதம் இறங்கினால் அழற்சியும் தணியும். 70 கிலோ உள்ளவருக்கு மூன்றரைக் கிலோ என்பது தொடக்கம். சர்பத்தையும் சீனி போட்ட தேநீரையும் குறைத்து, விருந்தில் இரண்டாம் தட்டைத் தவிர்த்து, தினம் அரைமணி நேரம் நடந்தால் சில மாதங்களில் எட்டக்கூடியதுதான்.

ஏற்கெனவே கேப்சூல் தின்பவர்களுக்கு: களைப்பு, பசியின்மை, குமட்டல், கறுத்த சிறுநீர், கண் மஞ்சளாதல், உடல் அரிப்பு, இவற்றில் எது தெரிந்தாலும் அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். பாட்டிலையும் கையோடு கொண்டு போங்கள். ‘மூலிகைதானே’ என்று சொல்லாமல் விட்டால் அவருக்குக் காரணம் பிடிபடாது. அந்தச் சகோதரியிடம் கல்லீரல் ரத்தப் பரிசோதனை எடுத்துப் பார்க்கச் சொன்னோம். “அப்போ மீன் குழம்புக்கும் போடக் கூடாதா?” என்றார். குழம்பில் போடும் இரண்டு சுளைக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது, தாராளமாகப் போடுங்கள் என்றோம்.