கைப்பேசியும் விரல் ரேகையும்

மாலை நேரத்தில் கம்பம்மெட்டு மலைச்சாலை சமவெளியைத் தொடும் இடத்தில் நின்றால், ஜீப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கி வருவதைக் காணலாம். விடியுமுன் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு ஏறிச் சென்றவர்கள், பொழுது சாயும் வேளையில் தத்தம் ஊர்களுக்குத் திரும்புகின்றனர். ஒரு நாள் அத்தகைய ஜீப் ஒன்றிலிருந்து இறங்கிய அம்மையார் ஒருவர், கூலி வங்கிக் கணக்கில் ஏறிவிட்டதா என்று பார்க்கத் தம் கைப்பேசியை எடுத்தார். கட்டைவிரலை வைத்தார், திறக்கவில்லை. முந்தானையில் துடைத்து மறுபடியும் வைத்தார், திறக்கவில்லை. ஐந்து முறை ஆனபின், இனி விரல் வேண்டா, இரகசிய எண்ணைக் கொடு என்று கேட்டது கருவி. எண்ணோ அவருடைய பேரனுக்குத்தான் தெரியும். "வெரலு செத்துப் போச்சு, தம்பி" என்று என்னிடம் சொல்லிவிட்டு அவர் வீடு நோக்கி நடந்தார்.

மாணவ நேயர்களே, அந்த அம்மையாரின் விரல் உண்மையில் செத்துவிட்டதா? இந்தக் கேள்விக்கு விடை காண, முதலில் ரேகை என்பது யாது என்றும், கருவி அதை எவ்வாறு காண்கிறது என்றும் அறிய வேண்டும்.

உங்கள் விரல் நுனியை வெயிலில் சாய்த்துப் பாருங்கள். முல்லைப் பெரியாற்று நீர் பாயும் நம் வயல்களை மலைமேல் நின்று நோக்கினால் எப்படித் தோன்றுமோ, அப்படி வரப்புகளும் வாய்க்கால்களும் மாறி மாறி வளைந்து செல்வதைக் காண்பீர்கள். ஒரு வரப்பிற்கும் அடுத்த வரப்பிற்கும் இடையே உள்ள தொலைவு ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். சில விரல்களில் இவை சுழியாகவும், சிலவற்றில் கண்ணியாகவும், சிலவற்றில் வில்லாகவும் அமைந்திருக்கும். சங்கு, சக்கரம் என்று நம் பாட்டிமார் எண்ணிச் சொல்வது இவற்றையே. குழந்தை தாய் வயிற்றில் இருக்கும்போதே, மூன்று நான்கு மாதங்களில், இவற்றின் அமைப்பு உறுதியாகிவிடுகிறது.

இந்த வரப்புகளின் அச்சு வெளித்தோலில் இல்லை. வெளித்தோலும் உள்தோலும் கூடுகின்ற எல்லையில், ஆழத்தில் இருக்கிறது. ஆதலின் மேலே தேய்ந்தாலும், உரிந்தாலும், புதிதாக வளரும் தோல் பழைய அச்சிலேயே வார்த்தெடுக்கப்படுகிறது. உள்தோல் வரை சென்ற ஆழமான வெட்டும் தீக்காயமுமே ரேகையை நிலையாக மாற்றவல்லவை. அம்மையாரின் விரல் சாகவில்லை என்று நாம் துணிந்து சொல்லலாம். வரப்புகள் தேய்ந்திருந்தன, அவ்வளவே.

இனிக் கருவியைப் பார்ப்போம். கைப்பேசியின் விரலுணரிகள் பெரும்பாலும் மூன்று வகைப்படும். பக்கவாட்டுப் பொத்தானிலோ பின்புறத்திலோ அமைந்திருப்பது மின்தேக்கு முறையில் வேலை செய்வது. அதன் பரப்பில் கண்ணுக்குத் தெரியாத சிறு சிறு தகடுகள் நெருக்கமாகப் பதிக்கப்பட்டுள்ளன. விரலின் வரப்பு ஒரு தகட்டை நெருங்கும்போது மின்னேற்றம் ஓர் அளவில் தேங்கும். வாய்க்கால் வரும் இடத்தில் நடுவே காற்று இருப்பதால் வேறோர் அளவில் தேங்கும். அந்த வேறுபாடுகளைத் தொகுத்துக் கருவி ஒரு படம் வரைந்துகொள்கிறது. திரைக்கு அடியில் அமைந்த உணரிகளுள் ஒரு வகை, திரையையே விளக்காக்கி விரலின் மேல் ஒளி பாய்ச்சிப் படம் பிடிக்கிறது. மற்றொரு வகை, நம் செவிக்கு எட்டாத மீயொலி அலைகளை அனுப்பி, அவை திரும்பி வரும் விதத்தைக் கொண்டு மேடு பள்ளங்களை அறிகிறது.

விரல் ஈரமாயிருந்தால் மின்தேக்கு உணரி ஏன் திணறுகிறது என்பது இப்போது விளங்கும். மடை உடைந்து வயல் முழுதும் நீர் நின்றால் வரப்பு எது, வாய்க்கால் எது என்று தெரியுமா? அதே கதைதான். மிகவும் காய்ந்து வெடித்த விரலில் துன்பம் வேறு: வரப்புகள் பரப்பில் சரியாகப் படிவதில்லை, கோடுகள் துண்டு துண்டாகத் தெரிகின்றன. மீயொலி முறை ஈரத்தை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். ஆனால் திரையின் மேல் நாம் ஒட்டும் தடித்த கண்ணாடியை அதனால் எளிதில் ஊடுருவ இயலாது. இவ்வொட்டுக் கண்ணாடியின் குறும்பு சிறிதன்று. 2019 அக்டோபரில் சாம்சங் நிறுவனத்தின் கேலக்ஸி எஸ்10 என்னும் கைப்பேசி, சிலவகைச் சிலிக்கோன் உறைகளைத் திரைமேல் இட்டபோது யாருடைய விரலுக்கும் திறந்துகொண்டது! உறையின் உட்புறத்தில் இருந்த வடிவத்தையே கருவி ரேகை என்று எண்ணிவிட்டது. நிறுவனம் அதனை ஒப்புக்கொண்டு, மென்பொருளைத் திருத்தி அனுப்பியது.

படம் கிடைத்ததும் கருவி அதனை அப்படியே பெட்டியில் வைப்பதில்லை. வரப்பு ஒன்று எங்கே முடிகிறது, எங்கே இரண்டாகக் கிளைக்கிறது என்பன போன்ற குறிகளையும் கோடுகளின் போக்கையும் கணக்காக மாற்றி, கைப்பேசிக்குள்ளேயே காப்பான ஓரிடத்தில் எழுதி வைக்கிறது. நாம் விரலை வைக்கும் ஒவ்வொரு முறையும், புதிய கணக்கும் பழைய கணக்கும் போதிய அளவு ஒத்திருக்கின்றனவா என்று பார்க்கிறது. முற்றும் ஒத்திருத்தல் என்பது ஒருபோதும் நிகழாது. ஒரே விரலை இருமுறை ஒரே சாய்வில், ஒரே அழுத்தத்தில் எவராலும் வைக்க இயலாது. எனவே எவ்வளவு ஒத்தால் போதும் என்று ஓர் எல்லைக்கோட்டைக் கருவி செய்தவர்கள் முன்னரே வரைந்துவிடுகின்றனர். கோட்டைத் தாழ்த்தினால் அயலான் நுழைவான். உயர்த்தினால் உடையவனே வாசலில் நிற்பான். இவ்விரு தவறுகளையும் ஒருங்கே இல்லாமற் செய்த கருவி இதுவரை இல்லை.

1892இல் விரல் ரேகை பற்றி நூல் எழுதிய பிரான்சிஸ் கால்டன், இரு வேறு விரல்களின் ரேகை ஒன்றாக அமையும் வாய்ப்பு 6,400 கோடியில் ஒன்று என்று கணக்கிட்டார். ஆப்பிள் நிறுவனமோ 2013இல் ஐபோனில் தான் அமைத்த உணரிக்கு, அயலார் விரல் பொருந்திவிடும் வாய்ப்பு 50,000இல் ஒன்று என்றது. ஏன் இத்துணை வேறுபாடு? கால்டன் முழு ரேகையைக் கருதினார். கைப்பேசியின் சிறிய உணரியோ ஒரு பகுதியை மட்டும், ஒரு கணநேரம் பார்க்கிறது.

இங்கேதான் நாம் கருத்தில் வைக்க வேண்டிய செய்தி இருக்கிறது. கருவி உங்கள் விரலை அறியாது. முதல் நாள் நீங்கள் பதிந்து கொடுத்த கணக்கை மட்டுமே அது அறியும். பதிவு அரைகுறையாயின், பின்னர் விரலை எத்தனை முறை துடைத்தும் பயனில்லை. கடையில் புதுக் கைப்பேசி வாங்கியவுடன் அவசரத்தில், வியர்த்த கையோடு, நுனியை மட்டும் நாலைந்து முறை ஒற்றி எடுத்துவிட்டு, "சென்சார் சரியில்லை" என்று குறை கூறுவோர் பலர். பதியும்போது கையைக் கழுவி, நன்கு துடைத்து, நாள்தோறும் கைப்பேசியைப் பிடிக்கும் வாக்கிலேயே பிடித்துக்கொண்டு, விரலின் நடுவையும் இரு ஓரங்களையும் நுனியையும் சிறிது சிறிதாகச் சாய்த்துக் காட்ட வேண்டும். ஒரே விரலை இரண்டு பெயர்களில் இருமுறை பதிந்துகொள்வதும் நல்ல உபாயம்: காலையில் ஒரு முறை, வேலை முடிந்து வந்த களைத்த கையோடு ஒரு முறை. புதுக் கண்ணாடி ஒட்டினால் பழைய பதிவை அழித்துவிட்டு மீண்டும் பதிக. சில கைப்பேசிகளில் தொடுவுணர்வைக் கூட்டும் அமைப்பும் உண்டு. ஒட்டுக் கண்ணாடி போட்டவர்கள் அதனை இயக்கிக்கொள்ளலாம். காய்ந்த விரலுக்குச் சிறிது தேங்காய் எண்ணெய் தடவி, பிசுக்கு இல்லாமல் துடைத்துவிட்டு வைத்தால் பெரும்பாலும் திறக்கும். வலக்கையால் உழைப்பவர்க்கு இடக்கை மோதிர விரல் அவ்வளவாகத் தேய்ந்திராது. அதையும் பதிந்துவைத்தல் நன்று. இரகசிய எண்ணை மட்டும் பேரனிடம் ஒப்படைத்துவிட்டு மறந்துவிடலாகாது. அணைத்து மீண்டும் உயிர்ப்பித்தால், எத்துணை நல்ல விரலாயினும் கருவி முதலில் எண்ணையே கேட்கும்.

இவ்வளவும் செய்தபின்னும் தேய்ந்த விரல் தேய்ந்த விரல்தான். நம் பள்ளத்தாக்கின் தொழில்களை எண்ணிப் பாருங்கள். திராட்சைப் பந்தலுக்குப் பூஞ்சண நோய் வராமல் தெளிக்கும் போர்டோக் கலவையில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் உண்டு. சுண்ணாம்பு தோலை அரிக்கும். கட்டட வேலையில் சிமெண்டும் அதையே செய்யும். கவாத்துக் கத்தரி, மண்வெட்டிக் காம்பு, வாழைத்தார் அறுக்கும் அரிவாள், நாளெல்லாம் ஏலக்காய் பறித்தல் ஆகிய இவை வரப்புகளைச் சிறிது சிறிதாகச் சமன்படுத்துகின்றன. வயது ஏற ஏறத் தோலின் நெகிழ்ச்சியும் குறைகிறது. மருந்தும் ரேகையை மறைப்பதுண்டு. புற்றுநோய்க்குக் கேப்சிடபின் என்னும் மருந்தை உட்கொண்டு வந்த சிங்கப்பூர் முதியவர் ஒருவர், 2008 டிசம்பரில் அமெரிக்கா சென்றபோது விரல்களில் ரேகை தெரியாமையால் நான்கு மணி நேரம் நிறுத்தி வைக்கப்பட்டார். மருத்துவ இதழில் அவர் கதை வெளியாயிற்று.

கைப்பேசி திறக்கவில்லையெனில் வீட்டில் உட்கார்ந்தே மறுபடி பதியலாம். வேறோர் இடத்தில் அவ்வாறு செய்ய இயலாது. அதைச் சொல்லுமுன், இந்த மண்ணுக்கு விரல் ரேகை எப்படி வந்து சேர்ந்தது என்பதைச் சொல்ல வேண்டும்.

1858இல் வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்னும் ஆங்கில அதிகாரி, சாலைக்குக் கல் தர இசைந்த ராஜ்யதர் கோனாய் என்பவரின் உள்ளங்கையை ஒப்பந்தத் தாளில் பதிய வைத்தார். பின்னர், 1877இல், ஓய்வூதியம் பெறுவோரின் விரற்பதிவை வாங்கும் வழக்கத்தையும் ஹூக்ளியில் அவர் கொண்டுவந்தார். ரேகைகளை வகைப்படுத்தித் தேடும் முறையைக் கல்கத்தாவில் அசீஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்னும் இரு இந்தியர்கள் உழைத்து உருவாக்கினர். பெயரோ அவர்களுடைய மேலதிகாரி எட்வர்டு ஹென்றிக்குச் சென்றது. 1897இல் அங்கே விரல் ரேகைக் கூடம் அமைந்தது. இலண்டன் போலீசார் 1901இல்தான் அதனைப் பின்பற்றினர்.

அறிவியல் வந்த அதே வண்டியில் அடக்குமுறையும் வந்தது. 1911ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம், அறிவிக்கப்பட்ட சமூகத்தில் பிறந்தவர் என்ற ஒரே காரணத்திற்காக மக்களின் ரேகையைப் பதிந்துகொள்ள வழி செய்தது. நம் மக்கள் அதனைக் கைரேகைச் சட்டம் என்றே அழைத்தனர். அன்றைய மதுரை மாவட்டத்தில் பிரமலைக் கள்ளர் மீது அது பாய்ந்தது. உசிலம்பட்டிப் பகுதியிலுள்ள பெருங்காமநல்லூரில், 1920 ஏப்ரல் 3 அன்று, பதிவுக்கு இணங்க மறுத்த மக்கள்மீது போலீசார் சுட்டனர். மாயக்காள் என்னும் பெண் உள்ளிட்டுப் பலர் மாண்டனர். அச்சட்டத்தை எதிர்த்து ஜார்ஜ் ஜோசப்பும், பின்னர் முத்துராமலிங்கத் தேவரும், ஜீவானந்தமும் போராடினர். 1947இல் சென்னை மாகாணத்திலும், 1952இல் நாடு முழுவதிலும் அது ஒழிந்தது.

அன்று ரேகை தர மாட்டோம் என்றவர்களை அரசு தண்டித்தது. இன்றோ ரேகை தரத் தாமாக வந்து நிற்பவரைக் கருவி ஏற்க மறுக்கிறது. 2010 முதல் வழங்கப்படும் ஆதாருக்குப் பத்து விரல்களும் இரு கருவிழிகளும் பதியப்படுகின்றன. 2020 அக்டோபர் முதல் தமிழ்நாட்டு நியாயவிலைக் கடைகளில் விரல் வைத்துப் பொருள் வாங்கும் முறை வந்தது. கடையில் வைக்கும் விரல், அட்டைக்குரியவரின் ஆதார்ப் பதிவோடு, தொலைவிலுள்ள கணினியில் ஒப்பிடப்படுகிறது. அந்தப் பதிவு பத்தாண்டுகளுக்கு முந்தியதாக இருக்கலாம். பத்தாண்டு மண்வெட்டி பிடித்த கைக்கும் அதற்கும் ஒப்புமை குறைந்தால் வியப்பு என்ன? மூன்று முறை விரல் வைத்துப் பார்த்துவிட்டு, "பாட்டி, உங்க ரேகை விழலை, நாளைக்கு வாங்க" என்று திருப்பி அனுப்பப்பட்ட மூதாட்டியை நான் கண்டதுண்டு. அவருக்கு நாளை என்பது ஒரு நாட்கூலி.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. பத்து விரல்களுள் எது நன்றாகப் பொருந்துகிறது என்று ஒரு முறை சோதித்துக் குறித்து வைத்தால், அடுத்த மாதமும் அதே விரலை வைக்கலாம். ஆதார்ப் பதிவு நிலையத்தில் விரல்களைப் புதுப்பித்துக்கொள்ளலாம். கருவிழி கொண்டு அடையாளம் காணும் ஏற்பாடும், கைப்பேசிக்கு வரும் ஒருமுறை எண்ணும் உள்ளன. 2018 செப்டம்பர் 26 அன்று வந்த ஆதார்த் தீர்ப்பில், பொருந்தாமை காரணமாக உரியவர் எவருக்கும் உதவி மறுக்கப்படாது என்று மத்திய அரசின் தலைமை வழக்கறிஞர் தந்த உறுதிமொழியை உச்ச நீதிமன்றம் ஏற்றுப் பதிவு செய்துள்ளது. இதனைக் கடை வாசலில் எடுத்துச் சொல்ல மூதாட்டியரால் இயலாது; கல்லூரியில் பயிலும் பேரப்பிள்ளைகளால் இயலும்.

ஜீப்பிலிருந்து இறங்கிய அம்மையாரை மறுவாரம் அதே இடத்தில் கண்டேன். பேரனை அழைத்து, பழைய பதிவை அழித்து, இடக்கை மோதிர விரலை இரண்டு முறை பதிந்தோம். இரகசிய எண்ணை அவரே மனப்பாடம் செய்துகொண்டார். கூலி அன்று ஏறியிருக்கவில்லை. ஆனால் அதை அவர் தம் கையாலேயே திறந்து பார்த்துத் தெரிந்துகொண்டார்.