கள்ளக்கடல்: குமரிக் கரைக்குச் சொல்லாமல் வரும் அலைகள்

கன்னியாகுமரி மாவட்டத்தின் கடற்கரை, குமரிமுனையை ஒட்டிய ஊர்களில் தொடங்கிக் கேரள எல்லையிலுள்ள நீரோடி வரை ஏறத்தாழ 70 கிலோமீட்டர் நீள்கிறது. மணக்குடி, சொத்தவிளை, சங்குத்துறை, கணபதிபுரம், முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் ஆகியவை இக்கரையில் வரிசையாக அமைந்த ஊர்கள். முனைக்கு மேற்கே இந்தக் கரை தென்மேற்குத் திசையைப் பார்த்திருக்கிறது. தெற்கே அண்டார்க்டிகா வரை திறந்த பெருங்கடல்தான். வரும் அலைகளை மறிக்கப் பெரிய நிலப்பரப்பு எதுவும் இடையில் இல்லை. உலகின் தென்கோடியில் எழும் புயல்களின் அலைகள்கூட நேராக இங்கே வந்து சேர்வது இதனால்தான்.

இரண்டு வகை அலைகள்

கரைக்கு வரும் அலைகளை இரண்டாகப் பிரிக்கலாம். முதல் வகை, அருகிலேயே வீசும் காற்று எழுப்பும் அலை. இது சிறியது, ஒழுங்கற்றது; காற்று அடங்கினால் தானும் அடங்கிவிடும். ஒரு முகடு வந்து அடுத்த முகடு வர 5 முதல் 8 விநாடி ஆகும். இரண்டாவது வகை, பல ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் பிறந்து, பிறந்த இடத்தின் காற்றை விட்டு விலகிப் பயணம் செய்து வரும் தொலைதூர அலை. இதன் முகடுகளுக்கிடையே 15 விநாடி, சில வேளைகளில் 20 விநாடிக்கு மேலும் ஆகும்.

கடலின் குணத்தை அறிய அலையின் உயரத்தைவிட இந்த இடைவெளி முக்கியமானது. ஆழ்கடலில் 6 விநாடி இடைவெளியுள்ள அலையின் நீளம் சுமார் 56 மீட்டர். 18 விநாடி அலைக்கோ அது 500 மீட்டரைத் தாண்டும். அலையின் அசைவு அதன் நீளத்தில் பாதி ஆழம் வரை இறங்கும். ஆகவே முன்னது மேற்பரப்பைக் கலக்குவதோடு நின்றுவிட, பின்னது 250 மீட்டர் ஆழம் வரையுள்ள நீரை அசைத்தபடி வருகிறது. நடுக்கடலில் அது ஒரு மீட்டர் உயரத்துக்கு மெல்ல ஏறி இறங்கும். படகில் இருப்பவர் பெரிதாக உணரமாட்டார். கரையருகே ஆழம் குறையும்போது அதன் வேகம் தணிந்து நீர் மேலெழுகிறது. உடைந்த பின்னும் நீர் ஓயாமல் மணல்மேட்டைத் தாண்டிப் பாய்கிறது.

கள்ளக்கடல் எப்படி உருவாகிறது

வெயில் அடிக்கிறது, காற்றில்லை, மழையில்லை. அப்படிப்பட்ட நாளில் கடல் திடீரெனப் பெருகிக் கரையோரச் சாலைகளிலும் வீடுகளிலும் புகுவதைக் கேரளக் கரையிலும் குமரிக் கரையிலும் கள்ளக்கடல் என்கிறார்கள். பருவமழை தொடங்குவதற்கு முந்திய ஏப்ரல், மே மாதங்களில் இது அதிகம். இது சுனாமி அல்ல. சுனாமிக்குப் பெரும்பாலும் கடலடி நிலநடுக்கம் காரணம். கள்ளக்கடலுக்குத் தெற்குப் பெருங்கடலில் நாட்கணக்கில் வீசும் பலத்த காற்றே காரணம். அங்கே எழும் அலைகளில் இடைவெளி நீண்டவை வேகமாக முன்னேறி, ஆற்றலை அதிகம் இழக்காமல் வடக்கே வருகின்றன. 18 விநாடி இடைவெளியுள்ள அலைக்கூட்டம் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் நகரும். பௌர்ணமி, அமாவாசையையொட்டிக் கடலேற்றம் உயர்ந்திருக்கும் நேரத்தில் அது வந்து சேர்ந்தால் வெள்ளம் இன்னும் உள்ளே ஏறும்.

2024 மே மாத நிகழ்வு இதற்குத் தெளிவான சான்று. ஏப்ரல் 28 வாக்கில், இந்தியக் கரையிலிருந்து ஏறத்தாழ 10,000 கிலோமீட்டர் தொலைவில் வீசிய பலத்த காற்று, 23 விநாடி இடைவெளி கொண்ட பேரலைகளை எழுப்பியது. அவை மே 4 அன்று இந்தியாவின் தென்கரையை அடைந்தன. ஹைதராபாதிலுள்ள இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம், அதாவது இன்காய்ஸ், முன்கூட்டியே எச்சரிக்கை விடுத்திருந்தது. இருந்தும் மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் சிக்கி உயிரிழந்தனர். எச்சரிக்கை இருந்தது, அது மணலில் நிற்பவரின் காதுக்கு எட்டுவதுதான் இன்னும் உறுதியாகவில்லை.

பருவத்துக்கேற்ற கடல்

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசும்போது குமரியின் மேற்குக் கரையில் கடல் சீற்றம் மிகுதி. மேற்குக் கரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. பருவக்காற்று மாதங்களில் அலைகள் கரை மணலை அரித்துச் செல்வதால் கரை செங்குத்தாகிறது. இரண்டடி வைத்தாலே ஆழம் வந்துவிடும். அலைகள் காலடியிலேயே உடைவதால் குளிப்பவரைத் தூக்கி மணலில் அடிக்கும். கழுத்தெலும்பு முறிவது இப்படித்தான். பருவம் முடிந்தபின் மணல் மெல்லத் திரும்புகிறது. ஆனால் திட்டுகளும் பள்ளங்களும் பழைய இடத்திலேயே அமைவதில்லை. போன ஆண்டு பத்திரமாகக் குளித்த இடம் இந்த ஆண்டும் பத்திரமாக இருக்கும் என்று யாரும் சொல்ல முடியாது.

உள்ளே இழுக்கும் நீரோட்டம்

அலைகள் கரையில் கொண்டுவந்து குவிக்கும் நீர் கடலுக்குத் திரும்பியாக வேண்டும். மணல்திட்டுகளுக்கிடையே தாழ்வான இடம் கிடைத்தால் அதன் வழியே ஆறுபோல் வேகமாகத் திரும்புகிறது. கரை அரிப்பைத் தடுக்கக் கட்டிய தூண்டில் வளைவுகளின் ஓரத்திலும் பாறைகளின் அருகிலும் இத்தகைய இழுவை நீரோட்டம் உண்டாகும். சில வேளைகளில் அது விநாடிக்கு இரண்டு மீட்டர் வேகம் எடுக்கும். அதை எதிர்த்துக் கரை நோக்கி நீந்திவிடத் தேர்ந்த நீச்சல் வீரராலும் முடியாது.

இருபுறமும் அலை வெண்ணுரையோடு உடைய, நடுவில் ஒரு பகுதி மட்டும் உடையாமல் அமைதியாகத் தெரிந்தால் அதுவே இழுவை ஓடும் வழியாக இருக்கக்கூடும். அங்கே நீரின் நிறம் இருண்டிருக்கும், அல்லது மணல் கலங்கி நுரையோடு கடலை நோக்கி நகரும். நீந்தத் தெரியாதவர்கள் அமைதியான இடம் என்று எண்ணி இறங்குவதும் பெரும்பாலும் அங்கேதான்.

சிக்கியவர் முதலில் மல்லாந்து மிதந்து மூச்சைக் காக்க வேண்டும். இழுவை ஆளை அடியில் அமிழ்த்துவதில்லை, கடலுக்குள் கொண்டுபோகிறது. அலை உடையும் இடத்தைத் தாண்டியதும் வலுவிழக்கும். தெம்பிருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுவையை விட்டு விலகியபின் கரை திரும்ப வேண்டும். இல்லையென்றால் மிதந்தபடியே கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும்.

பாறையும் பொழிமுகமும்

முட்டம், குமரிமுனை போன்ற பாறைக் கரைகளில் ஆபத்து வேறு விதம். தொலைதூர அலைகள் கூட்டம் கூட்டமாக வரும். ஒரு கூட்டம் போனபின் பல நிமிடம் கடல் சாந்தமாக இருக்கும்; அந்த இடைவேளையில் படம் எடுக்கப் பாறையின் விளிம்புக்குப் போனவர்களை அடுத்த கூட்டம் இழுத்துக்கொள்ளும். ஈரமான பாறை, அலை அதுவரை ஏறிவந்த இடம் என்பதற்கு அடையாளம். அங்கே நிற்கக் கூடாது.

ஆறு கடலில் சேரும் பொழிமுகங்களிலும் கவனம் தேவை. பழையாறு சேரும் மணக்குடியிலும், குழித்துறைத் தாமிரபரணி சேரும் தேங்காய்ப்பட்டணத்திலும் மணல்திட்டு அடிக்கடி இடம் மாறும். ஆற்று நீர் வெளியேறும் வேகமும் எதிரே வரும் அலையும் மோதுமிடத்தில் கடலறிந்த மீனவர்களின் படகுகளே கவிழ்ந்து உயிர்கள் போயிருக்கின்றன.

போகுமுன், போனபின்

இன்காய்ஸ் அலையின் உயரத்தையும் இடைவெளியையும் நாள்தோறும் முன்கூட்டி வெளியிடுகிறது. அதைப் பார்க்க முடியாதவர்கள் கரையில் 20 நிமிடம் நின்று கவனித்தாலே பாதி விவரம் தெரிந்துவிடும். முகடுகளுக்கிடையே 15 விநாடிக்கு மேல் ஆனால் அன்று முழங்கால் நீரிலும் இறங்கக் கூடாது. கடலை அறிந்த ஊர் மீனவர் வேண்டாம் என்று சொன்னால் அதற்கு மறுபேச்சு இருக்கக் கூடாது. எச்சரிக்கை நாட்களில் படகுகளை மேட்டுக்கு ஏற்ற வேண்டும். துறைமுகத்துக்குள் கட்டிய படகுகள் மோதிக்கொள்ளாதபடி இடைவெளி விட வேண்டும்.

ஒருவர் தத்தளிப்பதைப் பார்த்து மற்றவரும் குதிப்பதால் சாவு இரட்டிக்கிறது. கயிறு, காலி கேன், தெர்மக்கோல் என மிதக்கும் எதையாவது வீசிவிட்டு 112 எண்ணையோ, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 எண்ணையோ, கடலோரக் காவல்படையின் 1554 எண்ணையோ அழைக்க வேண்டும். மீட்டவரைத் தலைகீழாகத் தூக்குவதும் வயிற்றை அழுத்தி நீர் எடுப்பதும் தவறு. மூச்சில்லையென்றால் பயிற்சி பெற்றவர் வாயோடு வாய் வைத்துச் சுவாசம் ஊதி, நெஞ்சை அழுத்தும் முதலுதவியை உடனே தொடங்க வேண்டும். தெளிந்துவிட்டாலும் 108 ஆம்புலன்ஸில் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வது அவசியம்.

கள்ளக்கடலின் வருகையைச் சில நாட்கள் முன்பே சொல்லும் அறிவியல் இன்று கையில் இருக்கிறது. ஒவ்வொரு சுற்றுலாக் கடற்கரையிலும் அன்றைய எச்சரிக்கையைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதி வைக்கும் பலகையும், பயிற்சி பெற்ற உயிர்காப்பாளரும் வேண்டும். கடலுக்குப் போகிறவர்களும் வானத்தைப் பார்த்து முடிவெடுக்காமல், எச்சரிக்கையைக் கேட்டு முடிவெடுக்க வேண்டும்.